பெஞ்ச் பிரஸ் 80 கிலோவில் நின்றுவிட்டது: செட்டுகளை எப்படி அடுக்குவது?

கேள்வி: அண்ணா, வயது 24, உடல் எடை 72 கிலோ. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 80 கிலோ ஒரு ரெப் (ஒரு முறை இறக்கி ஏற்றுவது) போகிறது. ஐந்து மாதமாக அதற்கு மேல் ஏறவில்லை. திங்கட்கிழமை மட்டும் செஸ்ட். 40 கிலோவில் 12, 50இல் 10, 60இல் 8, 70இல் 4, கடைசியில் 80 முயற்சி, அப்புறம் ஒரு டிராப் செட் (களைத்ததும் எடையைக் குறைத்து நிறுத்தாமல் தொடர்வது). சைஸ் வந்திருக்கிறது, வலு வரவில்லை. வலு ஏற எத்தனை செட், எத்தனை ரெப் போட வேண்டும்?

தம்பி, முதலில் நேரடியான பதில். வாரத்துக்கு இரண்டு நாள் பெஞ்ச் போடுங்கள். திங்கட்கிழமை 60 கிலோவில் ஐந்து ரெப் வீதம் ஐந்து செட். வியாழக்கிழமை 65 கிலோவில் மூன்று ரெப் வீதம் ஐந்து செட். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நிமிடம். கடைசி ரெப்பில் கை நடுங்கி, பார் பாதியில் நின்று, பக்கத்தில் இருப்பவர் ஓடி வரும் நிலை எந்த செட்டிலும் வரக் கூடாது. அடுத்த பத்து வாரத்துக்கு 80 கிலோவைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு லேசாகவா என்று தோன்றும். 60 கிலோவில் எட்டு ரெப் போடுகிறவரை ஐந்தோடு நிறுத்தச் சொல்கிறேனே! காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது.

இப்போது செய்வதை எண்ணிப் பாருங்கள். 40, 50 கிலோ செட்டுகளில் 22 ரெப் போகிறது. 80 கிலோ மேக்ஸ் (ஒரே ஒரு ரெப் போகக்கூடிய உச்ச எடை) உள்ளவருக்கு அது வார்ம் அப் எடைதான். ஆனால் 12, 10 என்று போடும்போது நெஞ்சிலும் ட்ரைசெப்ஸிலும் களைப்பு சேர்ந்துகொள்கிறது. அடுத்து 60 கிலோவில் எட்டு. உங்கள் மேக்ஸுக்கு அந்த எட்டு ஏறக்குறைய எல்லையைத் தொடும் செட். அதன் பிறகு வருகிற 70 களைத்த கையோடு வருகிறது. 80 முயற்சி எப்படிப் போகும் என்பது அன்றைய தூக்கத்தையும் மதியச் சாப்பாட்டையும் பொறுத்தது. மொத்தத்தில் மேக்ஸில் 80 சதவீதத்துக்கு மேல், அதாவது 64 கிலோவுக்கு மேல், வாரத்துக்கு நீங்கள் போடுவது ஐந்தே ரெப். அதுவும் களைத்த நிலையில்.

நான் சொன்ன திட்டத்தில் அதே எல்லைக்கு மேல் வாரத்துக்குப் பதினைந்து ரெப் வருகிறது. அதோடு 75 சதவீதத்தில் இன்னும் இருபத்தைந்து. எல்லாமே சுத்தமான ரெப். ஐந்து மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்கள் வலுவைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வலுவை ஏற்றுகிற வேலை, எடை ஏற ஏற ரெப் குறையும் அந்தப் பிரமிடுக்குள் மிகக் கொஞ்சமாகத்தான் நடக்கிறது.

ஏறு வரிசையில் செட் போடும் பழக்கத்துக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டீலார்ம், சிகாகோவில் காயம்பட்ட வீரர்களுக்குக் கனமான எடைகளைக் கொடுத்துப் பயிற்சி தந்தார். 1945இல் அதைப் பற்றி எழுதினார். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து முறையைச் சுருக்கினார். பத்து ரெப் மட்டுமே போகக்கூடிய எடையை அளவாக வைத்து, அதில் பாதியில் பத்து ரெப், முக்காலில் பத்து, முழு எடையில் பத்து. மூன்றே செட். முதல் இரண்டும் உடம்பைத் தயார் செய்வதற்கு, மூன்றாவதுதான் வேலை. முழங்கால் பழுதான ஒரு வீரருக்கு அது போதுமானது. ஒன்றரை வருடம் எடை தூக்கியவருக்கு ஒரே ஒரு வேலை செட் போதாது. 1951இல் இங்கிலாந்தில் சினோவியெஃப் என்பவர் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்: கனமானது முதலில், களைக்கக் களைக்க எடையைக் குறைப்பது. ஆக்ஸ்ஃபோர்டு முறை என்று அதற்குப் பெயர். களைப்பு வருவதற்கு முன்பே கனமானதைத் தூக்கிவிட வேண்டும் என்ற அவருடைய யோசனை சரியானது. வார்ம் அப்பை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் போதும்.

சரி, சைஸ் வந்தும் வலு ஏன் வரவில்லை? வலுவில் தசையின் அளவு ஒரு பாதி என்றால், நரம்பு அந்தத் தசையை எப்படி வேலை வாங்குகிறது என்பது இன்னொரு பாதி. எடை லேசாக இருக்கும்போது மூளை சிறிய தசை நார்க் கூட்டங்களை மட்டும் எழுப்பும். எடை கூடக் கூட, அல்லது களைப்பு கூடக் கூட, பெரிய கூட்டங்களை அழைக்கும். 80 சதவீதத்துக்கு மேல் போனால் முதல் ரெப்பிலேயே ஏறக்குறைய எல்லாரும் வேலைக்கு வந்துவிடுவார்கள். தோள், நெஞ்சு, ட்ரைசெப்ஸ், முதுகு, கால் எல்லாம் கனமான பாருக்கு அடியில் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கப் பழகுவதும் அங்கேதான். பாட்டுக் கற்பவர் தினமும் கச்சேரி செய்வதில்லை, சரளி வரிசையைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார். நீங்கள் வாராவாரம் கச்சேரி மட்டும் செய்கிறீர்கள்.

இதற்கு நேரடியான ஓர் ஆய்வு உண்டு. 2014இல் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டின் குழு, ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்த ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குக் கனமான எடையில் ஏழு செட், மூன்று ரெப். இன்னொன்றுக்கு மிதமான எடையில் மூன்று செட், பத்து ரெப். மொத்தமாகத் தூக்கும் எடை ஏறத்தாழ சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எட்டு வாரம் கழித்துத் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. பெஞ்ச் பிரஸ் மேக்ஸ் மட்டும் ஏழு செட் குழுவுக்கு அதிகமாக ஏறியது. ஆனால் அந்தக் குழு ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது, களைப்பும் மூட்டு வலியும் அதிகம் என்றும் சொன்னது. அதனால்தான் உங்களுக்கு வாரம் முழுவதும் மூன்று ரெப் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் மூன்று.

ஐந்துக்கு ஐந்து என்றதும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். 1950களிலேயே 500 பவுண்டு பெஞ்ச் போட்ட ரெஜ் பார்க் எழுதிய முறையில் முதல் இரண்டு செட் ஏறு வரிசையில் வரும் வார்ம் அப், கடைசி மூன்றுதான் ஒரே எடையில். நான் சொல்வது வார்ம் அப் தனி, அதற்குப் பிறகு ஐந்து செட்டும் ஒரே எடையில். இரண்டும் பலன் தரும். குழப்பிக்கொள்ளாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

எத்தனை ரெப் போதும் என்பதற்கு நான் இன்னும் பார்ப்பது பழைய சோவியத் அட்டவணை ஒன்றை. பளுதூக்கும் பயிற்சியாளர் பிரிலெபின் தொகுத்தது. மேக்ஸில் 70 முதல் 79 சதவீதம் வரை உள்ள எடை என்றால் ஒரு செட்டுக்கு 3 முதல் 6 ரெப், ஒரு நாளுக்கு மொத்தம் 12 முதல் 24. 80 முதல் 89 சதவீதம் என்றால் செட்டுக்கு 2 முதல் 4, மொத்தம் 10 முதல் 20, பதினைந்து சரியான அளவு. 90க்கு மேல் போனால் செட்டுக்கு ஒன்றோ இரண்டோ, மொத்தமே பத்துக்குள். இது ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் தூக்குகிறவர்களை வைத்து எழுந்த கணக்கு. பெஞ்சில் உடம்பு முழுக்க அவ்வளவு அடி வாங்குவதில்லை. அதனால் திங்கட்கிழமை 25 ரெப் என்பது அட்டவணையை ஒன்று தாண்டினாலும் பரவாயில்லை. வியாழக்கிழமையின் 65 கிலோ உங்கள் மேக்ஸில் 81 சதவீதம், ஐந்துக்கு மூன்று பதினைந்து. அட்டவணைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செட்டை எங்கே நிறுத்துவது? "இன்னும் எத்தனை ரெப் போட்டிருக்க முடியும்?" என்று செட் முடிந்ததும் உங்களையே கேளுங்கள். இரண்டு என்று பதில் வந்தால் எடை சரி. நான்கு என்றால் அடுத்த வாரம் ஏற்றலாம். பூஜ்யம் என்றால் எடை அதிகம். பவர்லிஃப்டிங்கில் மைக் டஷரர் பிரபலமாக்கிய பத்து மதிப்பெண் அளவுகோலும் இதுதான். மிச்சம் ஒன்றும் இல்லை என்றால் 10, ஒன்று மிச்சம் என்றால் 9, இரண்டு என்றால் 8. உங்கள் ஐந்து செட்டில் முதலாவது 7 போலவும் கடைசி 8, மிஞ்சினால் 9 போலவும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்தக் கணிப்பு தப்பும். அதனால் வேகத்தைப் பாருங்கள். கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். கடைசி ரெப் முதல் ரெப்பைவிடக் கொஞ்சம் மெதுவாக வரலாம். நடுவில் நின்று யோசித்துவிட்டு மேலே போனால், அந்த செட் ஏற்கெனவே நீண்டுவிட்டது.

ஃபெயிலியர் வரை, அதாவது இன்னொரு ரெப் முடியாது என்ற நிலை வரை, போனால்தான் வலு வரும் என்று ஜிம்மில் சொல்வார்கள். வலுவைப் பொறுத்தவரை ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஸ்பெயினில் ஸ்க்வாட்டை (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) வைத்துச் செய்த சோதனையில், வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தியவர்கள், 40 சதவீதம் குறையும் வரை இழுத்தவர்களைவிட நிறையக் குறைவான ரெப்தான் போட்டார்கள். வலுவில் அவர்களுக்குச் சமமாகவே வந்தார்கள். இழுத்துப் போட்டவர்களுக்குத் தசை வளர்ச்சி கொஞ்சம் கூடுதல். உங்களிடம் சைஸ் ஏற்கெனவே இருக்கிறது. டிராப் செட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இதில் ஸ்பாட்டர் (பார் மாட்டிக்கொண்டால் பிடிக்க நிற்பவர்) பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. மாலை நேரத்து ஜிம்மில் யாராவது ஒருவர் தலைமாட்டில் நின்றுகொண்டு "தூக்கு தூக்கு, இன்னும் ஒண்ணு, நீதான் தூக்குற" என்று கத்துவார். அவருடைய இரண்டு கையும் பாரில் இருக்கும். அவருக்கு நல்ல அப்பர் பேக் பயிற்சி கிடைக்கும். உங்கள் நோட்டில் பொய்க் கணக்கு ஏறும். இனிமேல் ஒரே விதி: அவர் விரல் பட்ட ரெப் கணக்கில் இல்லை. அப்படி எண்ணினால் உங்கள் 80 உண்மையில் 77.5 ஆகவும் இருக்கலாம். அப்படி என்றால் எல்லா எடையையும் 2.5 கிலோ குறைத்துத் தொடங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

எடை என்றதும் இன்னொன்று. ஜிம்மில் உள்ள பார் 20 கிலோ என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். போட்டிக்கான பார் 20 கிலோதான். சின்ன ஜிம்களில் கிடக்கிற பல பார்கள் அதைவிட லேசானவை. ஒரு முறை எடை மெஷினில் ஏறி நின்று, பாரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி, கழித்துப் பாருங்கள். பார் 12 கிலோ என்றால் உங்கள் 80 கிலோ 72தான். அதனால் முன்னேற்றம் கெடாது. ஆனால் ஒரு நாள் ஒரு பார், இன்னொரு நாள் வேறு பார் என்று மாற்றினால் எதுவும் புரியாது. கணக்கு எப்போதும் ஒரே பாரில் இருக்கட்டும்.

பிளேட்டும் அப்படித்தான். ஜிம்மில் இருக்கும் மிகச் சின்னப் பிளேட் 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் போடும்போது ஒரே தாவலில் 5 கிலோ ஏறுகிறது. 60இலிருந்து 65க்குப் போவது எட்டு சதவீதத்துக்கு மேல். ஸ்க்வாட்டில் சமாளிக்கலாம், பெஞ்சில் முடியாது. பல பேர் நின்றுபோவது இந்தச் சில்லறை இல்லாததால்தான். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புரதப் பவுடர் டப்பாவைவிட மலிவு, பலன் அதிகம்.

ஓய்வு நேரத்தில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கனமான செட்டுக்குத் தசை உடனடியாக எரிப்பது அதில் சேர்த்து வைத்திருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் இரண்டையும்தான். அது பெரும்பாலும் திரும்ப நிரம்ப மூன்று நிமிடம் போலத் தேவை. ஒரு நிமிடத்தில் மறுபடி படுத்தால் மூச்சு வாங்கும், வியர்க்கும், நன்றாக உழைத்த மாதிரி இருக்கும், ஆனால் மூன்றாவது செட்டிலேயே ரெப் குறையும். ஷோன்ஃபெல்ட் குழுவே 2016இல் ஒரு நிமிட ஓய்வையும் மூன்று நிமிட ஓய்வையும் ஒப்பிட்டது. மூன்று நிமிடக் குழுவுக்கு வலுவும் கூட, தசையும் கூட. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது என்பது தெரியும். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் மாறி மாறிப் போட்டு, நடுவில் பிளேட் மாற்றினால் மூன்று நிமிடம் தானாக வந்துவிடும். திங்கட்கிழமை ஊரே செஸ்ட் போடும் நாள் என்பதால் உங்கள் பெஞ்ச் நாளைச் செவ்வாய், வெள்ளி என்று மாற்றினாலும் நல்லதுதான்.

வார்ம் அப்பை நீட்டாதீர்கள். வெறும் பாரில் பத்து, 40இல் ஐந்து, 50இல் மூன்று. அதோடு 60 கிலோ நாள் தொடங்கிவிடலாம். 65 நாளில் 57.5இல் ஒன்றோ இரண்டோ கூடுதல். எடை ஏற ஏற ரெப் குறைய வேண்டும். வார்ம் அப்பில் களைத்துப்போனால் அது வார்ம் அப் இல்லை.

ஒவ்வொரு ரெப்பும் முந்தையதைப் போலவே இருக்கட்டும் என்பதும் செட் அமைப்பில் சேர்ந்த விஷயம்தான். தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து பெஞ்சில் அழுத்துங்கள், பாதம் தரையில் உறுதியாக, பிட்டம் பெஞ்சை விட்டு எழக் கூடாது. கட்டைவிரல் பாரைச் சுற்றியிருக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றாமல் பிடிப்பதைச் சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் அனுமதிப்பதே இல்லை, வழுக்கினால் நேராக நெஞ்சில் விழும். பார் கழுத்துப் பக்கம் இறங்காமல் நெஞ்சின் கீழ்ப் பகுதியைத் தொட வேண்டும். மேலே போகும்போது நேர் செங்குத்தாகப் போகாமல் கொஞ்சம் முகத்தின் பக்கம் சாய்ந்து தோளுக்கு மேலே வந்து முடியும்.

அப்புறம், தொட்டதும் ஒரு வினாடி நிறுத்துங்கள். போட்டியில் பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் "பிரஸ்" என்று கட்டளை கொடுப்பார். பயிற்சியிலும் அப்படி நிறுத்திப் பழகினால், நெஞ்சில் பந்து போல மோத விட்டு எகிற வைக்கிற பழக்கம் ஒழியும். உங்கள் பார் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே வந்ததும் மாட்டும். கீழே சும்மா மோதி எழுப்பியவர்களுக்கு அந்த இடத்தில் பலமே வளர்ந்திருக்காது. நிறுத்திப் போட்டால் முதலில் இரண்டரை, ஐந்து கிலோ குறையலாம். குறையட்டும்.

கால் எவ்வளவு உதவுகிறது என்று சந்தேகம் இருந்தால் பாராலிம்பிக் பவர்லிஃப்டிங்கைப் பாருங்கள். அங்கே இருப்பது பெஞ்ச் பிரஸ் மட்டும்தான், காலும் பெஞ்சின் மேலேயே இருக்கும், தரையை மிதிக்கவே முடியாது. ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 2016 ரியோவில் அப்படி 310 கிலோ தூக்கினார். நம் நாட்டின் ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். மேல் உடம்பின் இறுக்கம் மட்டும் என்ன செய்யும் என்பதை அவர்களிடம் பார்க்கலாம். உங்களிடம் காலும் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இனி பன்னிரண்டு வாரம். முதல் வாரம் பழகுவதற்கு ஒரு செட் குறைவு: திங்கள் 60 கிலோ, நான்கு செட் ஐந்து ரெப், வியாழன் 65 கிலோ, நான்கு செட் மூன்று ரெப். இரண்டாவது வாரம் அதே எடையில் ஐந்து செட். மூன்றாவது வாரம் திங்கள் 62.5, வியாழன் 67.5, செட்டும் ரெப்பும் அப்படியே. நான்காவது வாரம் லேசான வாரம்: 50 கிலோவில் மூன்று செட் ஐந்து, 55இல் மூன்று செட் மூன்று, வீட்டுக்குப் போய்விடுங்கள். இந்த வாரத்தைத்தான் எல்லாரும் தவிர்ப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் உடம்பு தினவெடுத்து நிற்கும். தவிர்க்காதீர்கள். மூன்று வாரத்துக் களைப்பு இறங்கினால்தான் ஏறிய வலு வெளியே தெரியும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து எடை ஏறும், ரெப் குறையும். திங்கள் 65இல் நான்கு செட் நான்கு ரெப், ஆறாவது வாரம் ஐந்து செட், ஏழாவது வாரம் 67.5இல் நான்கு செட் நான்கு. வியாழக்கிழமை ஒரு புது விஷயம்: வார்ம் அப் முடிந்ததும் முதலில் ஒரே ஒரு ரெப் கனமாக, அதன் பிறகு மற்ற செட்டுகள். ஐந்தாம், ஆறாம் வாரம் 72.5இல் ஒன்று, ஏழாவது வாரம் 75இல் ஒன்று. அந்த ஒன்றுக்குப் பிறகு 70 கிலோவில் இரண்டு ரெப் வீதம் ஐந்தாவது வாரம் நான்கு செட், ஆறாம், ஏழாம் வாரம் ஐந்து செட். அந்த ஒற்றை ரெப் கனமான எடையைக் கையில் பிடித்துப் பழகுவதற்கு மட்டும். அது வேகமாக மேலே போக வேண்டும். அதற்குப் பிறகு வரும் 70 லேசாகத் தெரிவது கூடுதல் லாபம். எட்டாவது வாரம் மறுபடி லேசானது, நான்காவது வாரத்தைப் போலவே.

ஒன்பதாவது வாரம் திங்கள் 67.5இல் நான்கு செட் மூன்று. வியாழன் 75இல் ஒன்று, 72.5இல் நான்கு செட் இரண்டு. பத்தாவது வாரம் திங்கள் 70இல் நான்கு செட் மூன்று, வியாழன் 77.5இல் ஒன்று, 72.5இல் மூன்று செட் இரண்டு. பதினொன்றாவது வாரம் திங்கள் 70இல் மூன்று செட் இரண்டு மட்டும். வியாழன் 80இல் ஒன்று. அந்த 80 இழுபறி இல்லாமல் போனால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அதோடு நிறுத்துங்கள், அன்று 85 போட்டுப் பார்க்கக் கை அரிக்கும். பன்னிரண்டாவது வாரம் திங்கள் 55இல் மூன்று செட் மூன்று, சனிக்கிழமை சோதனை.

நடுவில் ஏதாவது ஒரு நாள் ரெப் வராமல் போனால்? ஒரு செட்டில் ஒரு ரெப் குறைந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அடுத்த செட்டைப் போடுங்கள். இரண்டு செட்டில் குறைந்தால் மிச்ச செட்டுகளுக்கு 2.5 கிலோ கழற்றுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் இப்படி ஆனால் தொடக்க மேக்ஸையே அதிகமாகக் கணித்துவிட்டோம் என்று பொருள். அப்போது மேக்ஸைக் கணிக்கும் எப்லி சூத்திரம் உதவும்: தூக்கிய எடையை ரெப்பால் பெருக்கி, முப்பதால் வகுத்து, அதே எடையோடு கூட்டுங்கள். 60 கிலோவில் சுத்தமாக எட்டு ரெப் என்றால் 76 கிலோ. 70இல் நான்கு என்றால் 79க்குக் கொஞ்சம் மேல். ஐந்து ரெப்புக்குள் இருந்தால் கணக்கு நெருக்கமாக வரும், பன்னிரண்டு ரெப்பை வைத்துக் கணித்தால் எண் கண்டபடி போகும்.

மற்றப் பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெஞ்ச் போடுகிற அளவுக்கு ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) போடுங்கள், அது தோளைக் காப்பாற்றும். திங்கள் பெஞ்ச் முடிந்ததும் ஓவர்ஹெட் பிரஸ், வியாழன் நெருக்கமான பிடியில் பெஞ்ச் அல்லது டிப்ஸ், மூன்று செட் எட்டு போல. செஸ்ட் ஃப்ளை, கேபிள், பெக் டெக் மூன்றையும் அதே நாளில் அடுக்க வேண்டாம்.

சாப்பாடு: 72 கிலோ உடம்புக்குப் புரதம் ஒரு நாளைக்கு 115 கிராம் போல இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் காலையில் இரண்டு முட்டை, மதியம் சாம்பார் சாதம் என்றால் பாதியைக்கூடத் தொடாது. எடை 72இலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறினால் பெஞ்சுக்கு அது பெரிய உதவி.

தோளின் முன்பக்கம் வலித்தால் பிடியை ஒரு விரல் அளவு உள்ளே கொண்டுவாருங்கள், முழங்கை பக்கவாட்டில் முழுக்க விரியாமல் பாருங்கள். அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதுதான் வழி. பாரை இறக்கும்போது நெஞ்சிலோ அக்குள் பக்கமோ சுரீர் என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, கருநீலமாகக் கன்றிப்போனால் காத்திருக்காதீர்கள். நெஞ்சுத் தசை நார் கிழிவது பெரும்பாலும் கனமான பெஞ்சில், பார் கீழே இறங்கும் நேரத்தில்தான். அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

தனியாகப் போடும் நாளில் பாருக்கு லாக் (பிளேட் நழுவாமல் பிடிக்கும் பூட்டு) போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைக் கீழே தள்ளிவிடலாம். பக்கக் கம்பி வைத்த ரேக் இருந்தால் அதற்குள் போடுங்கள், அப்போது லாக் போட்டுக்கொள்ளலாம்.

சோதனை நாளில் ஸ்பாட்டர் கட்டாயம், கையைப் பாருக்கு அடியில் வைத்திருக்கட்டும், நீங்கள் சொல்லும் வரை தொடக் கூடாது. வெறும் பார், 40இல் ஐந்து, 55இல் மூன்று, 65இல் ஒன்று, 72.5இல் ஒன்று. ஐந்து நிமிடம் உட்காருங்கள். முதல் முயற்சி 77.5. சந்தேகமே இல்லாமல் போக வேண்டிய எடை. இரண்டாவது 82.5. அது போய்விட்டால் உங்கள் புது மேக்ஸ் கையில் வந்துவிட்டது. மூன்றாவது, இரண்டாவது எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. இழுத்துக்கொண்டு போனால் 85கூட வேண்டாம், நிறுத்திவிடுங்கள். பறந்தால் 87.5 போட்டுப் பாருங்கள். வந்த எண்ணை நோட்டில் எழுதி, ஒரு வாரம் பெஞ்ச் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, அந்த எண்ணில் 75 சதவீதத்தைப் புது ஐந்துக்கு ஐந்தாக வைத்து மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.